கார்க்கிலிருந்து சிட்னி வரும் தம்பதிக்கு எந்தப் பகுதியில் வீடு பார்க்கச் சொல்வது?

செவ்வந்தி (வென்ட்வொர்த்வில்):
வணக்கம். சிட்னியின் மேற்கே வெஸ்ட்மீட் மருத்துவமனையில் நான் வேலை பார்க்கும் வார்டுக்கு அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து ஒரு நர்ஸ் வருகிறார். மருத்துவமனையே ஸ்பான்சர் செய்யும் வேலை வீசா. கூடவே கணவரும் வருகிறார், அவர் தச்சர். இருவருக்கும் முப்பது வயதுக்குள்தான், குழந்தை இல்லை. வீடியோ அழைப்பில் பேசியபோது "எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்?" என்று கேட்டார். கேட்ட கையோடு "கூஜி என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது" என்றும் சொன்னார். கூஜி கிழக்கே கடற்கரைப் பகுதி. ஊரில் அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் இப்போது அங்கேதான் இருக்கிறார்களாம்.

காலை ஏழு மணி ஷிஃப்டுக்குக் கூஜியிலிருந்து வெஸ்ட்மீட் வருவதை நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆனால் நான் கிழக்குப் பக்கம் குடியிருந்ததே இல்லை. தெரியாத இடத்தைப் பற்றித் தப்பாகச் சொல்லி அந்தப் பெண்ணைக் குழப்ப மனமில்லை. கணவருக்கு ஹர்லிங் (மட்டையும் பந்தும் வைத்து ஆடும் அயர்லாந்து ஆட்டம்) ஆட வேண்டும், தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். வாடகை வாரத்துக்கு 800 டாலர் வரை. கிழக்கே இருந்தவர்களும் அயர்லாந்துக்காரர்களோடு பழகியவர்களும் சொல்லுங்கள்.

மீனலோசனி (கேரிங்பா):
அக்கா, நான் டப்ளினில் இருந்துவிட்டு வந்தவள். என் கணவர் மேயோ கவுண்டிக்காரர் (கவுண்டி என்றால் அங்கே மாவட்டம் மாதிரி). சிட்னிக்கு வந்ததும் நாங்கள் கூஜியில்தான் இருந்தோம். அதனால் முதலில் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று பேசுகிறேன்.

கூஜி, பாண்டை, பிரான்டி, குளோவெலி எல்லாம் ஒரே கடற்கரை வரிசை, ராண்ட்விக் அதை ஒட்டி உள்ளே. அதில் கூஜிக்கு அயர்லாந்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் பட்டப்பெயர் "கவுண்டி கூஜி". அது வெறும் கேளிக்கைக்கான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். போய் இறங்கியதும் அறை கிடைப்பது, கட்டட வேலைக்கு ஃபோர்மேனின் நம்பர் கிடைப்பது, மெத்தையைத் தூக்க இரண்டு பேர் வருவது எல்லாம் அந்தக் கூட்டத்தால்தான் நடக்கிறது. ஊரில் யாராவது இறந்துவிட்டால் சவ அடக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். இங்கிருந்து பறந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அந்த ராத்திரி பக்கத்துத் தெருவிலிருந்து நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்றால் அதற்கு விலையே கிடையாது.

இப்போது வரவும் அதிகம். அயர்லாந்தின் புள்ளிவிவர அலுவலகக் கணக்குப்படி 2024 ஏப்ரல் வரையிலான ஓராண்டில் 10,600 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் 4,700 பேர். இவர்களில் பெரிய பங்கு சிட்னிக்கு வருகிறது. அதனால் அவர் கூஜியைச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை.

டூட்டி_ரோஸ்டர் (ராண்ட்விக்):
மீனலோசனி சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கூஜியில் இருக்கும் அயர்லாந்து நர்ஸ்கள் நிறைய பேருக்கு வேலை ராண்ட்விக்கிலேயே. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், பெண்கள் மருத்துவமனை, குழந்தைகள் மருத்துவமனை மூன்றும் ஒரே வளாகத்தில். நடந்தே வருகிறார்கள். அவர்கள் "கூஜி அருமை" என்று சொன்னால் அது அவர்களுக்கு உண்மை. வெஸ்ட்மீடில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அது பொருந்தாது.

கூஜியில் ரயில் கிடையாது. பஸ் பிடித்து சென்ட்ரல் போக வேண்டும், இல்லை ராண்ட்விக் வரை ஏறி வந்து லைட் ரயிலில் போக வேண்டும். அது 2019 டிசம்பரில்தான் வந்தது. சென்ட்ரலில் டி1 தடத்து ரயில் மாறி வெஸ்ட்மீட். கதவிலிருந்து கதவுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். லேட் (இரவு முடியும்) ஷிஃப்ட் முடிந்து மறுநாளே அர்லி (காலை) ஷிஃப்ட் வந்தால் அந்தப் பெண் எத்தனை மணிக்குத் தூங்குவார்? ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கிளம்பி, பதினொன்றுக்கு வீடு, மறுபடி ஐந்தேகாலுக்கு வாசலில் நிற்க வேண்டும். ஒரு மாதம் தாங்கலாம். ஒரு குளிர்காலம் முழுக்கத் தாங்க முடியாது.

குமரன்_சைட் (பர்வுட்):
நான் கட்டட வேலைத் தளங்களில் சைட் என்ஜினியர். அயர்லாந்து ஆட்களோடுதான் என் நாள் முழுக்க ஓடுகிறது. தச்சரான கணவரைப் பற்றி யாரும் பேசவில்லையே.

வந்ததும் வைட் கார்டு என்ற கட்டடப் பாதுகாப்புப் பயிற்சி அட்டை எடுக்க வேண்டும், அது இல்லாமல் எந்தத் தளத்துக்குள்ளும் விட மாட்டார்கள். அது ஒரு நாள் பயிற்சிதான். அப்புறம் கருவிகளோடு சுற்ற ஒரு யூட் (பின்னால் திறந்த தட்டுள்ள வண்டி) அல்லது வேன் வாங்குவார். தளங்கள் காலை ஏழு மணிக்குத் தொடங்குகின்றன. இன்றைக்கு நகர மையத்தில் பாரங்காரூ, மூன்று மாதம் கழித்து வடமேற்கு ஓரத்தில் மார்ஸ்டன் பார்க். தச்சருக்கு ஒரே இடத்து வேலை என்பது கிடையாது. அதனால் வீடு நகரின் ஒரு மூலையில் கடலை ஒட்டி இருந்தால் பாதி நாள் அவர் முழு நகரத்தையும் குறுக்கே கடப்பார், சுங்கச்சாலைக் கட்டணம் தனி. கூஜியில் யூட்டை நிறுத்த இடம் தேடுவது இன்னொரு வேலை. பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் கார் நிறுத்தமே கிடையாது, கோடைக்கால வார இறுதிகளில் தெருவெல்லாம் கடற்கரைக்கு வந்தவர்களின் வண்டிகள்.

இன்னொரு விஷயம். கூஜிக் கூட்டத்தில் பெரும்பாலோர் வொர்க்கிங் ஹாலிடே வீசாவில் (இளைஞர்கள் வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றும் வீசா) வருகிறவர்கள். 2018 நவம்பரிலிருந்து அயர்லாந்துக்காரர்களுக்கு 35 வயது வரை அது கிடைக்கிறது. இரண்டாவது ஆண்டு வேண்டும் என்றால் கிராமப்புறம் போய் 88 நாள் குறிப்பிட்ட வேலை செய்ய வேண்டும். பிரிட்டிஷ்காரர்களுக்கு 2024 ஜூலையில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், அயர்லாந்துக்காரர்களுக்கு எடுக்கவில்லை. ஆகவே இன்றைக்குப் பக்கத்து அறையில் இருக்கும் நண்பன் நாலு மாதத்தில் பண்ணைக்குப் போய்விடுவான், அப்புறம் ஊருக்கே திரும்பிவிடுவான். ஸ்பான்சர் வீசாவில் வந்து நாலு ஆண்டு இருக்கப் போகிற தம்பதி, போய்க்கொண்டே இருக்கிற கூட்டத்தை நம்பி வீடு எடுக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது.

மீனலோசனி (கேரிங்பா):
குமரன் அண்ணா, அது நிஜம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. வழியனுப்பு விழாவுக்குப் போய்ப் போய் ஓய்ந்துவிட்டோம். தங்கியவர்கள் யார் என்று பார்த்தால் குழந்தை பிறந்ததும் சதர்லாந்து ஷயர், வடக்குக் கடற்கரை, இன்னர் வெஸ்ட் என்று பிரிந்துபோனவர்கள். அவர்களைச் சந்திப்பது ஆட்ட மைதானத்திலும் பள்ளி வாசலிலும்தான்.

சாவிக்கொத்து (ஹோம்புஷ்):
வாடகை வீடு நிர்வாகம்தான் என் தொழில். பகுதியைப் பேசும் முன் பணத்தைப் பேசிவிடுங்கள். அயர்லாந்திலிருந்து வருகிறவர்கள் திணறுவது அங்கேதான்.

அவர்கள் ஊரில் வாடகை மாதக் கணக்கு. இங்கே வாரக் கணக்கு. 800 டாலரை நாலால் பெருக்கி மாதம் 3,200 என்று நினைப்பார்கள். ஆண்டுக்கு 52 வாரம், 12ஆல் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 3,467. குடி புகும்போது பாண்ட் எனப்படும் வைப்புத் தொகை நாலு வார வாடகை, அதுவே சட்டப்படி உச்சவரம்பு. முன்பணமாக அதிகபட்சம் இரண்டு வாரம் கேட்கலாம். ஆக 800க்கு 4,800 டாலர் கையில் இருக்க வேண்டும். பாண்ட் பணம் வீட்டுக்காரரிடம் போகாது, ஃபேர் டிரேடிங் என்ற மாநில அரசுத் துறையின் ஆன்லைன் கணக்குக்குப் போகும். யாராவது "என் வங்கிக் கணக்கில் பாண்ட் போடுங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்றால் அது மோசடி. அயர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, அயர்லாந்தில் வாடகை வீட்டில் குளிர்பெட்டி, அடுப்பு, சலவை இயந்திரம் வைத்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. இங்கே வீடு வெறுமையாக வரும். அடுப்பு இருக்கும், மற்றதெல்லாம் நீங்கள்தான். இதற்கும் ஒரு தொகை ஒதுக்கச் சொல்லுங்கள்.

வீடு பார்க்க விடுவது பெரும்பாலும் சனிக்கிழமை, பதினைந்து நிமிடம். கூஜியில் நல்ல வீடு என்றால் வாசலில் வரிசை நிற்கும். சம்பளச் சீட்டு இல்லாத புதியவர்கள் வேலை ஒப்பந்தக் கடிதம், வங்கி இருப்பு, டப்ளினிலோ கார்க்கிலோ இருந்த வீட்டுக்காரரின் கடிதம் மூன்றையும் கையோடு வைத்திருக்க வேண்டும். மருத்துவமனைப் பணி ஒப்பந்தம் என்றால் மேற்குப் பகுதியில் உடனே மதிப்பார்கள். கிழக்கில் அதே போன்ற கடிதத்தோடு இருபது பேர் நிற்பார்கள்.

வல்வெட்டி_ஐயா (டூங்காபி):
பிள்ளைகள் எல்லோரும் வடிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன்.

எங்கட தமிழ்ச் சனம் ஹோம்புஷிலும் பெண்டில் ஹில்லிலும் வென்ட்வொர்த்வில்லிலும் கூடினதற்கும் அவர்கள் கூஜியில் கூடுவதற்கும் காரணம் ஒன்றுதான். முதல் வந்தவன் அடுத்தவனுக்கு வாசலைத் திறந்து விட்டான். ஆனபடியால் அந்தப் பிள்ளையிடம் "உங்கட ஆட்களை விட்டுத் தள்ளி இரு" என்று சொல்லாதேயுங்கோ. அது சொல்லக் கூடாத புத்திமதி.

ஆனால் அயர்லாந்துச் சனத்தின் இடம் கடற்கரை மட்டும் எண்டு யார் சொன்னது? வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இருந்து நடந்து போகிற தூரத்தில், வடக்குப் பரமட்டாவில், 1821இல் திறந்த பெண் கைதிகளின் தொழிற்சாலைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அயர்லாந்தில் இருந்து நாடு கடத்தப்பட்ட பெண்கள் ஏராளம் பேர் அங்கே அடைபட்டுக் கிடந்தவர்கள். பரமட்டாவில் உள்ள புனித பேட்ரிக் கல்லறை இந்த நாட்டின் மிகப் பழைய கத்தோலிக்கக் கல்லறைகளில் ஒன்று. 1804 மார்ச்சில் காஸில் ஹில்லில் எழும்பின அயர்லாந்துக் கைதிகளை ரவுஸ் ஹில் பக்கத்தில் வைத்துத்தான் சுட்டு அடக்கினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பிலிப் கன்னிங்ஹாம் அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த 1798 கிளர்ச்சியில் நின்ற ஆள். கூஜிக்குப் போகிற கடலோரப் பாதையில் வேவர்லி கல்லறையில் அந்த 1798 வீரர்களுக்குப் பெரிய நினைவுச் சின்னம் இருக்கிறது, அவர்களில் ஒரு தலைவரான மைக்கேல் ட்வையரின் எலும்புகள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. கிழக்கிலும் அவர்கள்தான், மேற்கிலும் அவர்கள்தான். 2021 குடிசனக் கணக்கெடுப்பில் 24 லட்சம் பேர் தங்கள் வம்சம் அயர்லாந்து எண்டு எழுதியிருக்கிறார்கள். எந்தப் பகுதியில் வீடு எடுத்தாலும் அந்தப் பிள்ளை அந்நிய மண்ணில் தனியே நிற்கவில்லை. இதை அவருக்குச் சொல்லுங்கோ தங்கச்சி.

செவ்வந்தி (வென்ட்வொர்த்வில்):
ஐயா, அந்தக் கட்டடத்தைத் தாண்டி நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அதன் கதை எனக்குத் தெரியாது. நிச்சயம் சொல்கிறேன், கூட்டிக்கொண்டும் போகிறேன்.

அப்படியானால் நேராக வென்ட்வொர்த்வில், நார்த்மீட் என்றே சொல்லிவிடலாமா? வாடகைக்கு வீடு கிடைக்கும், அவருக்குப் பத்து நிமிடம்தான்.

டூட்டி_ரோஸ்டர் (ராண்ட்விக்):
அதற்கு முன் வெயிலை யோசியுங்கள். மேற்கே கடற்காற்று வந்து சேர்வதில்லை. பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி பதிவானது. வெஸ்ட்மீட் அவ்வளவு உள்ளே இல்லை என்றாலும் கோடையில் கடற்கரைக்கும் அதற்கும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். கார்க்கில் 25 டிகிரி வந்தாலே எல்லோரும் கடற்கரைக்கு ஓடுவார்கள். மேற்கே எடுத்தால் ஏசி இல்லாத வீட்டைத் தொடவே கூடாது.

கிழக்கிலும் வீடு பார்க்கத் தெரிய வேண்டும். கூஜி, பாண்டையில் தரைத்தளத்துப் பழைய செங்கல் ஃபிளாட்டுகளில் ஈரம், பூஞ்சை. அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், சுவரோரம் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். இன்னொன்று, திசை. அயர்லாந்தில் தெற்கு பார்த்த வீட்டுக்கு மவுசு, ஏனென்றால் வெயில் தெற்கிலிருந்து வரும். இங்கே சூரியன் வடக்கே நிற்கும். பழக்கத்தில் "தெற்கு பார்த்த பால்கனி" என்று சந்தோஷப்பட்டு எடுத்தால் ஜூலை மாதம் முழுக்க நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஊர் வீடுகளில் ரேடியேட்டர் இருக்கும். சிட்னி வீடுகளில் அது கிடையாது, வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட வேண்டிய ராத்திரிகள் உண்டு. குளிரான நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

குமரன்_சைட் (பர்வுட்):
வென்ட்வொர்த்வில் நமக்கு ஊர் மாதிரி. கோயில், கடை, தோசை எல்லாம் பக்கத்தில். அவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? அவர் வேலைக்குப் பத்து நிமிடத்தில் போய்விடுவார், சரி. கணவர் சாயங்காலம் யாரோடு பேசுவார்? வேலைக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் ஒரு பகுதியை எடுத்தால் ஆறாவது மாதம் இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பும் டிக்கெட் பார்ப்பார்கள். நான் தளத்தில் பார்ப்பது இதைத்தான். வேலையால் யாரும் திரும்பிப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தால் திரும்பிப் போகிறார்கள்.

என் யோசனை மெடோபேங்க். பரமட்டா ஆற்றங்கரை, தண்ணீர் இருக்கிறது, கரையோரம் நடக்க, சைக்கிள் ஓட்ட நல்ல பாதை. டி9 தடத்து ரயில் அங்கே நிற்கும். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு முறை மாறினால் வெஸ்ட்மீட், மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குள். அர்லி ஷிஃப்டுக்குக் காரில் போனால் இன்னும் குறைவு, போக்குவரத்தே இருக்காது. அதே டி9இல் ஸ்ட்ராத்ஃபீல்டில் இறங்காமல் போனால் நேராக சென்ட்ரல். ஆற்றுப் படகுத் துறையும் உண்டு. தச்சருக்கு அந்த இடம் நகரின் நடுவில், வடக்கே போனாலும் மேற்கே போனாலும் சமாளிக்கலாம்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். சிட்னியில் ஹர்லிங் போன்ற கேலிக் (அயர்லாந்து மரபு) ஆட்டங்கள் நடக்கும் மோனாஷ் பார்க் கிளாட்ஸ்வில்லில் இருக்கிறது. மெடோபேங்கிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். ஹர்லிங் ஆடுகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்? கூஜியில் இருப்பவர்கள் ஆட்டத்துக்கு இங்கே வர வேண்டியிருக்கிறது.

மீனலோசனி (கேரிங்பா):
என் கணவரிடம் காட்டினேன். "ஹர்லிங் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். சங்கத்தில் சேர்ந்துவிட்டால் வாரத்தில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம், அப்புறம் சாப்பாடு என்று கூட்டம் தானாகவே கூடிவிடும். அங்கே வருகிறவர்களில் பத்து இருபது ஆண்டு தங்கியவர்களும் உண்டு. ஐந்து ஆண்டு கழித்தும் பக்கத்தில் இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். பெண்களுக்கு கமோகி (பெண்கள் ஆடும் ஹர்லிங்), கேலிக் கால்பந்து அணிகளும் இருக்கின்றன, அந்தப் பெண் ஆடுவாரா என்று கேளுங்கள் அக்கா.

ஆனால் கூஜியை முழுக்க விட வேண்டாம். வேலை தொடங்குமுன் ஒரு பத்து நாள் தோழியின் வீட்டில் தங்கட்டும். கடலைப் பார்க்கட்டும், களைப்புத் தீரட்டும், வங்கிக் கணக்கு, வரி எண், போன் எல்லாம் முடிக்கட்டும். நல்ல வெயில் தொப்பி வாங்கட்டும். அவர்கள் தோலுக்கு இந்த வெயில் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாது, மேகம் மூடிய நாளிலும் புற ஊதாக் கதிர் அளவைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். அந்தப் பத்து நாளில் ஒரு சனிக்கிழமை மெடோபேங்க், ரைட், ஸ்ட்ராத்ஃபீல்ட் மூன்றையும் சுற்றிப் பார்க்கலாம். உதவி தேவைப்பட்டால் ஐரிஷ் சப்போர்ட் ஏஜென்சி என்ற அமைப்பு இருக்கிறது, புதிதாக வந்தவர்களோடு நன்றாகப் பேசுவார்கள்.

செவ்வந்தி (வென்ட்வொர்த்வில்):
நேற்று அவரோடு பேசினேன். எல்லாவற்றையும் படித்துச் சொன்னேன். ஷிஃப்ட் நேரத்தையும் பயண நேரத்தையும் சேர்த்துச் சொன்னபோது கொஞ்சம் அமைதியாகிவிட்டார், யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லையாம். கணவர் வரைபடத்தில் மோனாஷ் பார்க்கைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து மெடோபேங்க் எவ்வளவு தூரம் என்று அவரே அளந்துவிட்டார். பெண் கமோகி ஆடுகிறவராம்! கூஜியில் தோழி வீட்டில் முதல் இரண்டு வாரம், அந்தச் சனிக்கிழமைகளில் மெடோபேங்கிலும் ரைடிலும் வீடு பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். நானும் கூடப் போகிறேன்.

ஒரு சந்தேகம். வெளியே இருந்து பார்த்துவிட்டு ஓராண்டுக்குக் கையெழுத்துப் போட்டபின் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்கிறார். சாவிக்கொத்து, சொல்ல முடியுமா?

சாவிக்கொத்து (ஹோம்புஷ்):
நியூ சவுத் வேல்ஸில் அதற்குக் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஓராண்டு ஒப்பந்தத்தில் முதல் கால் பகுதிக்குள் கிளம்பினால் நாலு வார வாடகை அபராதம். பாதி முடிவதற்குள் என்றால் மூன்று வாரம், முக்கால் வரை இரண்டு வாரம், அதற்கு மேல் ஒரு வாரம். இதைவிட அதிகமாக அபராதம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. ஆறு மாத ஒப்பந்தம் கேட்டுப் பார்க்கலாம், சில வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் காரணமில்லாமல் காலி செய்யச் சொல்வது 2025 மே 19 முதல் இங்கே செல்லாது, வாடகையை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் ஏற்றவும் முடியாது. அதனால் ஆறு மாதம் எடுத்தாலும் பயப்பட வேண்டியதில்லை.

சாவி வாங்கியதும் வீட்டு நிலை அறிக்கை ஒன்று கொடுப்பார்கள். ஏழு நாளுக்குள் ஒவ்வொரு கீறலையும் எழுதி, படம் எடுத்து, திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். பாண்ட் முழுதாகத் திரும்புமா என்பது பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

வல்வெட்டி_ஐயா (டூங்காபி):
தங்கச்சி, எங்கட வீட்டில் ஒரு குளிர்பெட்டி சும்மா நிற்கிறது, நன்றாக வேலை செய்யும். மகனிடம் டிரெய்லர் இருக்கிறது. அவர்களுக்கு வீடு கிடைத்ததும் விலாசத்தை எனக்குத் தனியே அனுப்புங்கோ, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து இறக்கி விடுகிறோம்.